பேச்சுத் தமிழைக் கேட்டு எழுதும்போது சொல்லிறுதிகளையும் நிறுத்தக்குறிகளையும் கையாளுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

நேர்காணல், வாய்மொழி வரலாறு, கள ஆய்வுப் பதிவு, காணொளி வசனம் என எதைக் கேட்டு எழுதினாலும், புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் சொல்லின் கடைசி எழுத்தில்தான். பேச்சில் சொல்லின் முதற்பகுதி ஏறத்தாழ எழுத்து வடிவத்திலேயே நின்றுவிடுகிறது. இறுதிப்பகுதி தேய்கிறது, மூக்கொலியாகிறது, அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது. அந்த இடத்தில் என்ன எழுதுவது, எந்தக் குறியை இடுவது என்பதை ஒரு வரிசையில் தீர்மானிக்காவிட்டால், ஒரே எழுத்துப்படியில், அதாவது கேட்டு எழுதிய பிரதியில், ஒரே சொல் நான்கு விதமாக வந்து நிற்கும்.

கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். குறிகளைப் பற்றிய முடிவு எழுத்துகளைப் பற்றிய முடிவுக்குப் பின்புதான் வர வேண்டும். எழுத்தாலேயே காட்டக்கூடியதைக் குறியால் காட்ட முயல்வதே பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம்.

1. தொடங்கும் முன் தேவையானவை

முதலில் எழுத்துப்படி எதற்காக என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மொழியாய்வுக்கு என்றால் ஒவ்வொரு தேய்வும் முக்கியம். வாசகர்களுக்கான நேர்காணல் என்றால் பேச்சின் சாயல் போதும். செய்தியின் உள்ளடக்கம் மட்டும் தேவை என்றால் எழுத்துத் தமிழிலேயே எழுதிவிடலாம். அப்போது இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி தேவைப்படாது. இந்த மூன்றையும் கலந்து எழுதிய படியைப் பின்னால் திருத்துவதைவிட, புதிதாக எழுதுவதே எளிது.

பேசுபவரின் ஊர், ஏறத்தாழ என்ன வயது, எதிரில் இருப்பவருக்கு அவர் என்ன உறவு என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சொல்லிறுதியில் காதுக்குத் தெளிவாகாததைப் பல நேரங்களில் இந்தத் தகவலே தீர்த்துவைக்கிறது.

காதொலிப்பான் கட்டாயம். சில நொடிகள் பின்னால் செல்லும் விசையும் வேகத்தைக் குறைக்கும் வசதியும் கொண்ட ஒலிப்பான் மென்பொருள் வேண்டும். கூடவே நடைத்தாள் என்ற பெயரில் ஒரு தனிக் கோப்பைத் திறந்துவையுங்கள். எந்த இறுதியை எப்படி எழுத முடிவு செய்தீர்கள் என்பது எடுத்துக்காட்டோடு அதில் ஏறிக்கொண்டே வர வேண்டும். தெளிவான பதிவாக இருந்தாலும் ஒரு மணி நேரப் பேச்சுக்கு நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் வேலை இருக்கும் என்று எதிர்பாருங்கள். வேலை பல நாள்களுக்குப் பிரியும்போது நேற்றைய முடிவை நினைவிலிருந்து எடுக்க முடியாது.

2. தட்டச்சு செய்யாமல் ஒருமுறை கேளுங்கள்

முதல் பத்து நிமிடங்களையாவது கைவைக்காமல் கேளுங்கள். பேசுபவர் ‘பேசிக்கிட்டு’ என்கிறாரா, ‘பேசிட்டு’ என்கிறாரா, ‘பேசிண்டு’ என்கிறாரா என்பது போன்ற வழக்கங்கள் இந்தக் கேட்பிலேயே பிடிபட்டுவிடும். முதல் வரியிலிருந்தே எழுதத் தொடங்குபவர்கள் தங்கள் சொந்தப் பேச்சு வழக்கைப் பேசுபவரின் வாயில் ஏற்றிவிடுகிறார்கள். அதை அவர்களே கவனிப்பதில்லை.

வேகத்தைக் குறைத்துக் கேட்பதில் ஓர் ஆபத்து உண்டு. மெதுவாக ஓடும் ஒலியில் குறில்கள் நெடிலைப் போலக் கேட்கும். ஆகவே சொல் எது என்று பிடிக்க வேகத்தைக் குறைக்கலாம். இறுதி உயிர் குறிலா நெடிலா என்ற முடிவை இயல்பான வேகத்தில் மட்டுமே எடுக்க வேண்டும்.

3. சொல்லிறுதிகளை மூன்று குவியல்களாகப் பிரியுங்கள்

மாதிரிக்கு இரண்டு நிமிடப் பேச்சை எழுதி, அதில் எழுத்துத் தமிழிலிருந்து மாறி ஒலிக்கும் எல்லா இறுதிகளையும் நடைத்தாளில் பட்டியலிடுங்கள். பிறகு அவற்றைப் பிரியுங்கள். எழுத்து வடிவத்தில் எழுதினாலும் வாசகர் பேச்சொலியிலேயே படித்துக்கொள்ளும் இறுதிகள் முதல் குவியல். பேச்சு வடிவமே எழுத்தில் நிலைத்துவிட்டவை இரண்டாவது. வெவ்வேறு பொருள்கள் ஒரே ஒலியில் வந்து மோதுபவை மூன்றாவது.

இந்தப் பிரிப்பைச் செய்யாமல் ‘கேட்டபடியே எழுதுவேன்’ என்று தொடங்குபவர்கள் அரை மணி நேரப் பதிவு முடிவதற்குள் திணறிவிடுகிறார்கள். தமிழ் எழுத்தில் மூக்குயிருக்கு, அதாவது மூக்கொலியோடு வரும் உயிருக்கு, தனி வடிவம் இல்லை. ஒலியை அப்படியே பிடிப்பது நம் எழுத்தால் இயலாது. எந்த வேறுபாட்டைக் காப்பது, எதை வாசகரிடம் விடுவது என்று நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

4. முதல் குவியல்: அப்படியே விட வேண்டியவை

‘மரம்’, ‘அவன்’, ‘வந்தேன்’ ஆகியவற்றின் இறுதி மெய் பேச்சில் முழுதாக ஒலிப்பதில்லை. அதற்கு முன்னுள்ள உயிர் மூக்கொலி பெறுகிறது. தமிழ் பேசும் எவரும் ‘மரம்’ என்று எழுதியிருப்பதைப் பேச்சு நடையில் படிக்கும்போது தானாகவே அப்படித்தான் ஒலிப்பார். எனவே மகர, னகர மெய்களை நீக்காதீர்கள். நீக்கினால் மூக்கொலியும் சேர்ந்து போய்விடும். ‘அவன்’ ‘அவ’ ஆகி, ஆண் பெண்ணாகிவிடுவார்.

இரண்டாம் வேற்றுமை ஐகாரமும் இப்படித்தான். ‘பையனை’ என்பதன் இறுதி பேச்சில் குறுகி ஒலிக்கிறது. ஐகாரம் குறுகுவது இலக்கணம் அறிந்த செய்திதான். ‘பையன’, ‘பையனெ’ என்று எழுதுவதால் வாசகருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை, தடங்கல் மட்டுமே. ஒலியாய்வுக்கான படிக்கு மட்டும் இது பொருந்தாது.

‘பாலு’, ‘கண்ணு’, ‘நாளு’ என்று இறுதியில் ஏறும் உகரத்தைக் கேட்டால் மட்டும் எழுதுங்கள். ஒருவர் ஓரிடத்தில் ‘பால்’ என்றும் வேறோரிடத்தில் ‘பாலு’ என்றும் சொல்லக்கூடும். இதைச் சீராக்க வேண்டியதில்லை. அது அவர் பேச்சின் உண்மை.

5. இரண்டாவது குவியல்: பேச்சு வடிவில் எழுத வேண்டியவை

‘வந்தாங்க’, ‘இருக்கு’, ‘வருது’, ‘வேணும்’, ‘வந்துட்டான்’ போன்றவை கதைகளிலும் பத்திரிகைகளிலும் நெடுங்காலமாகப் புழங்குகின்றன. வாசகருக்கு இவை புதியவை அல்ல. இவற்றில் செய்ய வேண்டியது ஒன்றே: ஒரு வடிவத்தைத் தேர்ந்து கடைசிவரை அதிலேயே நிற்பது.

‘என்று’ தேய்ந்து வரும் ‘னு’தான் இந்தக் குவியலில் அதிகத் தொல்லை தருவது. எளிய விதி இது: முன்சொல் மெய்யில் முடிந்தால் ‘னு’, உயிரில் முடிந்தால் ‘ன்னு’. ‘வேணும்னு’, ‘வரேன்னு’, ‘போகலாம்னு’ என்பவை மெய்யீறு. ‘இருக்குன்னு’, ‘தெரியாதுன்னு’ என்பவை உயிரீறு. எப்போதும் முன்சொல்லோடு ஒட்டியே எழுதுங்கள். ‘ன்னு’ என்ற துண்டைத் தனியே விட்டால், மெய்யில் தொடங்கும் ஒரு சொல் தமிழில் நின்றுகொண்டிருக்கும். தேடலிலும் அது அநாதையாக வந்து விழும்.

‘தான்’, ‘ஏ’, ‘ஆ’, ‘ஆம்’ ஆகிய இடைச்சொற்களும் ஒட்டியே வர வேண்டும்: ‘அவன்தான்’, ‘வந்தானே’, ‘வந்தானா’, ‘வந்தானாம்’. ‘தான் செய்ததைத் தானே மறந்துட்டான்’ என்பதில் உள்ள ‘தான்’ மட்டும் பெயர்ச்சொல் ஆதலால் தனியே நிற்கும்.

‘ல’ என்ற ஒரே இறுதி மூன்று வேலைகளைச் செய்கிறது: இடப்பொருள், மறுப்பு, ‘அல்லவா’ என்று உறுதி கேட்பது. இவற்றை எழுத்திலேயே பிரித்துவிடலாம். இடத்துக்கு ‘வீட்டுல’, மறுப்புக்கு ஐகாரத்தோடு ‘வரலை’, ‘தெரியலை’, உறுதி கேட்கும்போது மெய்யின்மேல் ஒட்டி ‘சொன்னேன்ல’. மறுப்புக்கு ‘வரல’ என்று எழுதும் பழக்கம் பரவலாக உள்ளது; அதை நான் தவறென்று சொல்லவில்லை. ஆனால் நீண்ட எழுத்துப்படியில் வாசகர் ஒவ்வொரு ‘ல’விலும் நின்று யோசிக்க வேண்டியிருப்பதால் ஐகாரத்தையே பரிந்துரைக்கிறேன்.

6. மூன்றாவது குவியல்: மோதும் இறுதிகள்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். ‘வந்தா’ என்று காதில் விழுவது ‘வந்தாள்’ ஆக இருக்கலாம். ‘வந்தால்’ ஆக இருக்கலாம். மூக்கொலியைக் கவனிக்கத் தவறியிருந்தால் ‘வந்தான்’ ஆகவும் இருக்கலாம். ‘அவா வந்தா’ என்று பேசும் குடும்பங்களில் அது ‘வந்தார்கள்’ என்று பொருள்படும்.

முதலில் ஆண்பாலைப் பிரித்தெடுங்கள். மூக்கொலி இருந்தால் ஐயமின்றி ‘வந்தான்’ என்று எழுதுங்கள். மூக்கொலி தெளிவாக இல்லாவிட்டால் எழுவாயைக் கேளுங்கள்: பலரது பேச்சில் ‘அவன்’ என்பதன் இறுதி உயிர் எகரத்தின் பக்கம் சாய்ந்து ஒலிக்கும்; ‘அவ’ என்பதில் அது தெளிவான அகரமாகவே இருக்கும்.

அடுத்து பெண்பாலும் நிபந்தனையும். இரண்டையும் ‘வந்தா’ என்றே எழுதலாம். இரண்டையும் பிரித்துக்காட்டும் வேலையை நிறுத்தக்குறி செய்யும். இந்த இரு வரிகளைப் பாருங்கள்:

அவ வந்தா. சொல்லலாம்னு இருந்தேன், அதுக்குள்ள கிளம்பிட்டா.

அவ வந்தா, சொல்லலாம்னு இருந்தேன். வரவே இல்லை.

முதல் வரியில் ‘வந்தா’ என்பதில் குரல் இறங்கி முடிகிறது. ஆகவே முற்றுப்புள்ளி, ஆகவே ‘வந்தாள்’. இரண்டாவதில் குரல் இறங்காமல் அடுத்த சொல்லை நோக்கிப் போகிறது. ஆகவே காற்புள்ளி, ஆகவே ‘வந்தால்’. குறியை மாற்றி இட்டால் நடந்த ஒன்று நடக்காததாகிவிடும். வழக்கு விசாரணைப் பதிவிலோ மருத்துவ நேர்காணலிலோ இந்தப் பிழை எவ்வளவு பெரியது என்று சொல்லத் தேவையில்லை.

மறைந்த மெய்யைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி ஒன்று உண்டு. உயிரில் தொடங்கும் இடைச்சொல் வந்து சேர்ந்தால் அந்த மெய் பேச்சிலேயே திரும்பிவிடும்: ‘வந்தாளா’, ‘வந்தாளாம்’ என்பவை பெண்பால், ‘வந்தாலும்’ என்பது நிபந்தனை. இங்கே லகர, ளகர மயக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ‘இருந்தாளும் பரவாயில்லை’ என்று எழுதப்பட்ட படிகளை அடிக்கடி காண்கிறேன். உம்மை சேர்ந்த நிபந்தனைக்கு எப்போதும் லகரமே.

‘ன்னு’ சேரும்போது நிலைமை சிக்கலாகிறது. ‘வந்தாள் என்று’ என்பது பலரது வாயில் ‘வந்தான்னு’ என்றே ஒலிக்கிறது. அது ‘வந்தான் என்று’ என்பதன் வடிவமும் ஆகும். ‘அவ வந்தான்னு சொன்னாங்க’ என்று எழுவாய் உடனிருந்தால் கேட்டபடியே விட்டுவிடலாம். எழுவாய் இல்லாத இடத்தில், வாசகர்களுக்கான படியில் ‘வந்தாள்னு’ என்று எழுதுங்கள். ஆய்வுப் படியில் ‘வந்தான்னு [வந்தாள்]’ என்று சதுர அடைப்பில் பொருளைத் தாருங்கள். சதுர அடைப்புக்குள் இருப்பது முழுவதும் எழுதியவருடையது, பேசியவருடையது அல்ல என்பதை நடைத்தாளில் சொல்லிவிடுங்கள்.

‘பேசிட்டு’ என்பதும் மோதும் சொல். ‘பேசிட்டு வந்தான்’ என்றால் பேசிவிட்டு வந்தானா, பேசிக்கொண்டே வந்தானா? முன்பின் பேச்சு தெளிவாக்கினால் அப்படியே விடுங்கள். தெளிவாக்கவில்லை என்றால் எதையும் திணிக்காமல் விடுங்கள். பேசியவர் இரு பொருள்பட விட்டதை நாம் முடித்துவைக்க வேண்டியதில்லை.

7. அப்பாஸ்ட்ரபியைச் சொல்லிறுதியில் இடாதீர்கள்

ஆங்கிலத்தில் விடுபட்ட எழுத்தின் இடத்தில் அப்பாஸ்ட்ரபி (') என்ற குறியை இடும் வழக்கம் உண்டு. அதைப் பார்த்துத் தமிழிலும் ‘வந்தா’ என்பதற்குப் பின்னால் ஒரு குறியைத் தொங்கவிடுபவர்கள் இருக்கிறார்கள். விடுபட்டது னகரமா, ளகரமா, லகரமா என்பதை அந்தக் குறி சொல்வதில்லை. வாசகருக்கு எதுவும் தராமல் கண்ணை மட்டும் இடறுகிறது. அது மேற்கோளை மூடும் குறியைப் போலவே இருப்பதால், ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருப்பிச் சொல்லும் வரிகளில் மேற்கோள் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் போகும்.

பிறமொழிச் சொற்களில் இந்தக் குறி வேறு வழியாக நுழைகிறது. அச்சில் அத்தகைய சொல்லை ஒற்றை மேற்கோளுக்குள் இட்டு, மூடும் குறிக்குப் பின் வேற்றுமை உருபைச் சேர்ப்பதுண்டு. தட்டச்சில் திறக்கும் குறி விடுபட்டு மூடும் குறி மட்டும் எஞ்சி, ஆபீஸ்'ல, பஸ்'னு என்று நிற்கிறது. பேச்சில் அந்தச் சொல்லுக்கும் உருபுக்கும் நடுவே எந்த இடைவெளியும் இல்லை. ‘ஆபீஸ்ல’, ‘பஸ்னு’, ‘ஃபோன்ல’ என்று சேர்த்தே எழுதுங்கள்.

8. இப்போது நிறுத்தக்குறிகள்

குறி என்பது இலக்கணத்தைக் காட்டுகிறதா, குரலின் போக்கைக் காட்டுகிறதா என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். உரையாடல் ஆய்வில் பரவலாகப் பயன்படும் கெயில் ஜெஃபர்சன் என்ற ஆய்வாளரின் எழுத்துப்படி முறையில் முற்றுப்புள்ளி இறங்கும் குரலையும், காற்புள்ளி தொடரும் குரலையும், கேள்விக்குறி ஏறும் குரலையும் குறிக்கின்றன. வாக்கியம் கேள்வியா இல்லையா என்பது அங்கே பொருட்டல்ல. வாசகர்களுக்கான படியில் இலக்கணமும் குரலும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. இந்த இரு முறைகளையும் ஒரே படியில் கலக்கக் கூடாது. குரலின் போக்கைக் காட்டும் படியில், கேட்காத இறக்கத்துக்கு முற்றுப்புள்ளி இட்டுப் பொருளைத் தெளிவாக்குவது பதிவைத் திரிப்பதாகும். அங்கே சதுர அடைப்பே உதவ வேண்டும்.

‘சொன்னேன்ல’ போன்றவற்றில் குரலைக் கவனியுங்கள். ‘நேத்தே சொன்னேன்ல?’ என்பது பதிலை எதிர்பார்க்கிறது. ‘நேத்து சொன்னேன்ல, அந்தப் பையன் வந்திருக்கான்’ என்பது நினைவூட்டிவிட்டு நகர்கிறது. ஆகார இறுதி இல்லாமலே குரலை ஏற்றிக் கேட்கும் ‘சாப்பிட்டாச்சு?’ போன்ற வினாக்களுக்குக் கேள்விக்குறி தவறாமல் வேண்டும். எழுத்தில் வினா என்பதற்கு அது ஒன்றே சான்று.

9. நீட்டலும் வெட்டலும்

இழுத்துச் சொல்லும் இறுதிக்கு நம் மொழியில் அளபெடை ஏற்கெனவே வழிகாட்டுகிறது: நெடிலுக்குப் பின் இனமான குறிலை எழுதுவது. ‘வாஅ’, ‘ஆமாஅ’ என எழுதுங்கள். மிக நீண்டால் இன்னொரு குறிலைச் சேருங்கள். துணைக்காலை மட்டும் அடுக்கினால் பல எழுத்துருக்களில் நடுவே புள்ளி வட்டம் தோன்றும். தேடும்போதும் சொல் அகப்படாது. ஜெஃபர்சன் முறையில் நீட்டலுக்கு முக்காற்புள்ளி இடுவார்கள். ஆய்வுப் படி என்றால் அதையே பின்பற்றலாம்.

பாதியில் வெட்டப்பட்ட சொல்லுக்கு இடைவெளி இல்லாமல் சிறுகோடு: ‘நான் போய்ட்- இல்லை, போகலை’. தானாகத் தேய்ந்து அடங்கும் பேச்சுக்கு மூன்று புள்ளிகள். தேய்ந்த சொல்லிறுதிக்கு இவற்றில் எதையும் இடாதீர்கள். ‘வந்துட்டா’ என்பது முழுமையான சொல். அது பாதியில் நின்ற ‘வந்துட்டா-’ அல்ல.

10. வட்டார இறுதிகளைத் திருத்தாதீர்கள்

கொங்கு வட்டாரத்தில் ‘சரிங்க’ என்பது ‘சரிங்’ என்று மெய்யிலேயே முடியும். மதுரைப் பக்கம் ‘வந்தாய்ங்க’ என்பார்கள். யாழ்ப்பாணத்தில் ‘வாறன்’ என்பதே தன்மை ஒருமை. அதை ‘வாறான்’ என்று கேட்டுப் படர்க்கையாக எழுதிவிடும் பிழை, அந்தப் பேச்சுக்குப் பழகாதவர்களிடம் மிகுதி. அங்கே ‘வாறீங்களோ?’ என்ற ஓகார இறுதி ஐயத்தைக் காட்டுவதல்ல, நேரான கேள்வி. கேள்விக்குறி இட வேண்டும்.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். கேள்வி கேட்பவரின் பேச்சை எழுத்துத் தமிழிலும் பதில் சொல்பவரின் பேச்சை மட்டும் கொச்சை தெரியும்படியும் எழுதும் வழக்கம் நியாயமானதல்ல. இருவரின் வாயிலும் சொல்லிறுதிகள் ஒரே மாதிரிதான் தேய்கின்றன. ஒருவருக்கு ‘இருக்கிறது’ என்றும் மற்றவருக்கு ‘இருக்கு’ என்றும் எழுதினால், பதிவில் இல்லாத ஏற்றத்தாழ்வு ஒன்றை எழுதுபவரே உண்டாக்குகிறார். ஒரு விதி என்றால் இருவருக்கும் அதுவே.

11. சரிபார்க்கும் வரிசை

முதலில் ஒலியை விட்டுவிட்டுக் கோப்பில் மட்டும் தேடுங்கள். சொல் நடுவில் நிற்கும் ஒற்றைக் குறிகள், தனித்து நிற்கும் ‘னு’, ‘ன்னு’, ‘வரல’ போன்று நடைத்தாளுக்கு மாறான வடிவங்கள், ‘தாளும்’ என்று முடியும் சொற்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். எல்லாவற்றையும் மாற்று என்ற கட்டளையைப் பயன்படுத்த வேண்டாம். ‘விடைத்தாளும்’ போன்று சரியாகவே அப்படி முடியும் சொல்லும் எங்காவது இருக்கக்கூடும்.

இரண்டாவதாக, ‘தா’, ‘டா’, ‘னா’ என்று முடியும் ஒவ்வொரு வினையையும் ஒலியோடு வைத்துக் கேளுங்கள். மோதல்களில் பெரும்பாலானவை இங்கேதான் இருக்கும். தானியங்கி மென்பொருள் தந்த வரைவிலிருந்து தொடங்கியிருந்தால் இந்தப் படியை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது. அது தேய்ந்த இறுதியைத் தனக்குத் தோன்றிய எழுத்து வடிவமாக நிரப்பிவிடக்கூடும், பார்வைக்கு வாக்கியம் குறையில்லாமல் இருப்பதால் பிழை கண்ணில் படாது.

மூன்றாவதாக, பதிவைக் கேட்டிராத ஒருவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, அவர் தயங்கும் இடங்களில் கோடிடுங்கள். அவர் திரும்பிப் போய் மறுபடி படித்த வரிகளில் பெரும்பாலும் குறி தவறியிருக்கும். ஒரு சொல்லிலேயே நின்றுவிட்டார் என்றால் எழுத்து தவறியிருக்கும். அந்த இடங்களை மட்டும் பதிவோடு ஒப்பிட்டுத் திருத்தி, புதிதாக எடுத்த முடிவு ஏதேனும் இருந்தால் நடைத்தாளில் ஏற்றி, அந்தத் தாளை எழுத்துப்படியின் முதல் பக்கத்துக்கு முன்னால் இணைத்து அனுப்புங்கள்.